முகம் தெரியாதவருக்குத் தந்த வாக்கு

2012 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் செய்த ஒரு சின்ன மாற்றம் பெரிய சண்டையில் முடிந்தது. வீடியோ கருவிகளைக் கையாளும் பகுதியில், ஒரு கோரிக்கை தோற்றால் திரும்பி வரும் பிழை எண் மாறியிருந்தது. அவ்வளவுதான். பழைய எண்ணை எதிர்பார்த்திருந்த ஒலி நிரல்கள் தடுமாறின. நிரல்கள்தான் தவறாக எழுதப்பட்டவை என்ற வாதத்தை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. நேற்று ஓடிய நிரல் கெர்னல் மாறியதால் இன்று நின்றால், குற்றம் கெர்னலுடையது என்றார். சொன்ன விதம் மிகக் கடுமையானது. இதுபோன்ற நடத்தைக்காக 2018இல் அவரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த விதியில் அறம் இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது அந்த அறம்? கெர்னலை எழுதுபவருக்கும் அதை நம்பியிருப்பவருக்கும் நடுவே ஒப்பந்தம் ஏதும் கிடையாது. உத்தரவாதம் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது, வேண்டியவர் திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த நிரலை நம்பி ஆய்வுக்கூடம் நடத்துபவரால் எதைத் திருத்த முடியும்? ஒருவர் உன்னை நம்பித் தன் வேலையை அமைத்துக்கொண்டார் என்பதே, கேட்காமல் ஏற்பட்ட கடன்.

அதற்காக எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. அதே 2012 டிசம்பரில், டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கிய 386 சில்லுக்கான ஆதரவே நீக்கப்பட்டது. அந்தக் கணினி வைத்திருப்பவர் பழைய கெர்னலிலேயே தொடரலாம். கெர்னலின் உள் இணைப்புகளுக்கும் எந்த வாக்குறுதியும் இல்லை. அவற்றை மாற்றுகிறவரே, கெர்னலுக்குள் அவற்றை நம்பியிருக்கும் டிரைவர்களையும் சரிசெய்துவிடுவார். முன்னேறலாம், அதற்கான பாடு முன்னேற நினைப்பவருடையதாக இருக்க வேண்டும்.

இந்த அறத்துக்கு உண்மையான சோதனை நேரக் கணக்கில் வந்தது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணுகின்றன. 32 பிட்டில் அந்த எண்ணிக்கை 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் போகும். 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பும். அடுத்த நொடி, கணினிக்கு 1901 டிசம்பர்.

யூனிக்ஸ் வழிவந்த ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் 2014இல் வந்த 5.5 பதிப்பில் இந்த எண்ணிக்கையை ஒரே வெட்டாக 64 பிட்டுக்கு மாற்றியது. பழைய நிரல்கள் ஓடாது. இரக்கமற்ற முடிவாகத் தோன்றும். ஆனால் மொத்த அமைப்பையும் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளையும் அந்தக் குழுவே திருத்தி, மறுபடி தொகுத்துக் கொடுத்தது. லினக்ஸோ நிரல்கள் கெர்னலிடம் நேரம் கேட்கும் பழைய அழைப்புகளை அப்படியே விட்டு, பக்கத்திலேயே 64 பிட் அழைப்புகளைச் சேர்த்தது. பல வருட உழைப்புக்குப் பின் 2020இல், 5.6 பதிப்பில்தான் அந்த வேலை ஒரு நிலைக்கு வந்தது. வழி வேறானாலும் இரண்டு இடத்திலும் பாடுபட்டவர்கள் மாற்றியவர்களே.

2025இல் வெளிவந்த, லினக்ஸ் அடிப்படையிலான டெபியன் 13 இயங்குதளம் தன் 32 பிட் ஏஆர்எம் பதிப்பை 64 பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டு, 32 பிட் இன்டெல் பதிப்பை மட்டும் தொடாமல் விட்டது. மூலநிரல் தொலைந்த, எழுதியவர் போய்விட்ட பழைய நிரல்களை ஓட்டத்தான் இன்று அது பெரும்பாலும் பயன்படுகிறது; மாற்றினால் அவை உடனே உடையும். மாற்றாததால் 2038இல் அவற்றின் நேரம் பிசகும். அதைத் தெரிந்தேதான் டெபியன் முடிவெடுத்தது. அந்த நிரல்களை நம்பியிருப்பவர்களுக்கு, மாற்று தேட இன்னும் சில வருடங்கள் கிடைத்திருக்கின்றன.