மறக்கருணையும் பெற்றோரின் தடியும்

இறைவனின் கருணையை அறக்கருணை, மறக்கருணை என இருவகையாகக் கூறும் சைவசித்தாந்தம். அன்பு காட்டி ஆட்கொள்வது அறக்கருணை. ஒறுத்துத் திருத்தி ஆட்கொள்வது மறக்கருணை. சூரனை வேலால் பிளந்த முருகப்பெருமான் அவனையே மயிலும் சேவலுமாக்கித் தம்மோடு வைத்துக்கொண்டமையை இதற்கு உதாரணமாகக் கந்தசஷ்டிக் காலப் பிரசங்கங்களில் கேட்காத அடியார் இலர். இம்மறக்கருணையை விளக்கப் புகுந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியார் சுபக்கத்திலே வீட்டுக்கு வீடு காணப்படும் ஓர் உவமையை எடுத்துக்கொண்டார். சொல்வழி வராத பிள்ளையைப் பெற்றோர் உறுக்குவர், தடியால் அடிப்பர், கட்டியும் வைப்பர். ஆராய்ந்து பார்த்தால் அவையெல்லாம் அன்பின் செயலே. ஈசனின் கோபமும் அத்தகையதே என்பது அவர் கருத்து.

13ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்நூல் கூறும் காட்சி இன்றும் கிராமத்து முற்றங்களிலே காணப்படுவதுதான். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வளவின் பின்பக்கத்தில் கட்டில்லாத கிணறு. ஐந்து வயதுப் பிள்ளை அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கின்றது. போகாதே என்று தாய் இரண்டு முறை சொல்லியாயிற்று. மூன்றாம் முறை வேலியிலே பூவரசந்தடி ஒன்றை முறித்துக் காலில் இரண்டு அடி போட்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது. "பச்சைப் பிள்ளைக்கு இப்பிடியே அடிக்கிறது?" என்று ஓடிவந்தார் அம்மம்மா. சிறிது நேரம் கழித்து, "உன்னையும் நான் இப்பிடித்தானே வளர்த்தனான்" என்று அவரே சமாதானமும் சொன்னார்.

இரவு பிள்ளை உறங்கிய பின்னர், விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து தழும்பைப் பார்த்தாள் தாய். நல்லெண்ணெய் தொட்டுத் தடவினாள். அடித்தது சரிதான், தவறி விழுந்திருந்தால் என்ன கதி என்று ஒரு மனம் சொல்லிற்று. போன கிழமை தேநீரைக் கொட்டியதற்கும் இதே தடிதானே என்று மறுமனம் கேட்டது. அன்றைக்கு அடித்தது பிள்ளையின் நன்மைக்காக அன்று. வேலைக் களைப்பும் வேறு யாரோ மீதிருந்த எரிச்சலும்தான் அடித்தன. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அவளுக்குத் தெரியும். பிள்ளையின் காலிலோ இரண்டும் ஒரே தழும்புதான்.

சித்தியாரின் உவமையை இவ்விடத்திலே நிதானமாக நோக்க வேண்டும். பெற்றோரைக் காட்டி இறைவனை விளங்கவைப்பது அவ்வுவமை. அதைத் தலைகீழாகத் திருப்பி, இறைவன் ஒறுக்கிறான், ஆகவே பெற்றோர் அடிப்பதெல்லாம் அருளே என்று கொள்வதற்கு அங்கு இடமில்லை. இறைவன் முற்றறிவுடையவன். எந்த உயிருக்கு எவ்வளவு மருந்து தேவையென்பதை அவன் அறிவான். கோபம் அவனை ஆட்கொள்வதில்லை. பெற்றோருக்கு அந்த அறிவுமில்லை, அந்த அமைதியுமில்லை. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை எடுத்துப் பேசுவோரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மாட்டுக்கு அடிப்பதைக்கூடப் பொறுக்காத ஒரு பிள்ளையின் கதையைப் பெரியபுராணம் கூறுகின்றது.

அப்பிள்ளை திருச்சேய்ஞலூர் விசாரசருமர். ஆயன் பசுவை அடிக்கக் கண்டு, தாமே மேய்க்கும் தொழிலை ஏற்றவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலால் அபிடேகம் செய்தவர். பாலை வீணாக்குகிறான் என்று ஊரார் முறையிட, தந்தை எச்சதத்தன் குராமரத்தில் ஏறி ஒளிந்திருந்து பார்த்தான். கண்ணால் கண்டான்; கண்டது பூசையென்று விளங்கவில்லை. இறங்கிவந்து முதுகில் அடித்தான், பாற்குடத்தையும் காலால் இடறினான். அதன் பின் நிகழ்ந்ததையும் விசாரசருமர் சண்டேசுரரானதையும் அடியார்கள் அறிவர்.

சீகாழியிலும் ஒரு தந்தை தடி எடுத்தார். மூன்று வயதுப் பாலகரான திருஞானசம்பந்தரின் வாயிலே பால் வழிந்திருக்கக் கண்ட சிவபாத இருதயர், யாரோ எச்சிற்பாலை ஊட்டிவிட்டனரெனக் கோபித்துச் சிறுகோலை ஓங்கினார். அவரும் உண்மை அறியாதவரே. ஆனால் ஓங்கிய கை இறங்கவில்லை. யார் தந்ததென்று கேட்டார். பிள்ளை விரல் நீட்டிக் காட்டுவதற்கு அவகாசமும் கொடுத்தார். அந்தச் சிறிது நேரத்திலேதான் திருமுறை பிறந்தது.

மார்கழியில் ஆலயங்களிலே திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லும்போது, மண் சுமந்த பெருமானைப் பாண்டியன் பிரம்பால் அடித்த கட்டம் வரும். அந்த அடி எல்லா உயிர்மீதும் பட்டது, அடித்தவன் முதுகிலும் பட்டது என்பர். இறைவனின் எங்கும் நிறைந்த தன்மையை விளக்கும் கதைதான் அது. ஆயினும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு வேறொரு பொருளும் தோன்றக்கூடும். பிள்ளையை அடித்த இரவில் உறக்கமின்றிக் கிடந்தவர்களுக்கு, அடித்தவன் முதுகிலும் பட்டதென்பது புதினமான செய்தியன்று. அந்த நோவை மனப்பலவீனமென்று சிலர் கேலி செய்வர். அடி அன்பின் எல்லைக்குள் நின்றதா, அதைத் தாண்டியதா என்று பெற்றோருக்கு அறிவிக்க அதைவிட வேறு சாட்சி வீட்டுக்குள் இல்லை. பாடசாலைகளில் உடல்தண்டனையைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் தடைசெய்தது. வீட்டு முற்றத்துக்கு அதிபருமில்லை, சுற்றறிக்கையுமில்லை.

அந்த வீட்டிலே மறுகிழமை கல்லும் சீமெந்தும் இறங்கின. கிணற்றுக்குக் கட்டுக் கட்ட மேசன் வந்தார். பிள்ளை எட்டத்தில், தென்னையடியில் நின்றுகொண்டது. கிணற்றடிக்குப் போகும் எண்ணமே அதற்கு இல்லை. அவர் விளிம்பிலே குனிந்தபோது பதறிப்போய்ச் சொல்லிற்று: "கிட்டப் போகாதேங்கோ மாமா. அம்மா அடிப்பா." குசினிக்குள் நின்ற தாய்க்கு அது கேட்டது.