உறுதிபூசுதலும் உள்ளத்தின் உறுதியும்

மனிதன் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. தாய்மொழியும் சமயமும் அவ்வாறே அவனைக் கேளாமல் வந்து வாய்க்கின்றன. கேளாமல் பெற்றவை எப்போது அவனுக்கே உரியவை ஆகின்றன? இவ்வினாவைக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஓர் அருட்சாதனம் ஒவ்வோர் இளைஞன் முன்னும் நிறுத்துகிறது. அதுவே உறுதிபூசுதல்.

சிங்கப்பூரின் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம், சிராங்கூன் சாலையின் கோயில்களுக்கும் கடைகளுக்கும் அண்மையிலேயே நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பெற்று 1888ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவ்வாலயம், 2005ஆம் ஆண்டில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் தம் குழந்தைகளைத் திருமுழுக்குக்காக அங்கே ஏந்திச் சென்றுள்ளன. தீமையை விலக்குவதாகவும் இறைவனை நம்புவதாகவும் அன்று வாக்களிப்போர் பெற்றோரும் ஞானப்பெற்றோருமே. குழந்தைக்கு அழ மட்டுமே தெரியும்.

ஆண்டுகள் பல கடக்கின்றன. மறைக்கல்வி பயின்ற அதே பிள்ளை, பதின்ம வயதில் ஆயர் முன் நிற்கிறது. பழைய வினாக்கள் மீண்டும் எழுகின்றன. விடையோ இம்முறை அதன் சொந்த வாயிலிருந்தே வரவேண்டும். பின்னர் ஆயர் கரங்களை நீட்டி மன்றாடி, கிறிஸ்மா என்னும் நறுமணத் தைலத்தால் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறார். முற்காலத்தில் கன்னத்தில் மெல்லத் தட்டும் வழக்கமும் உண்டு. இடருக்கு அஞ்சாதே என்பது அதன் குறிப்பு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1971ஆம் ஆண்டில் ஏற்பளித்த புதிய முறையில் அது இடம்பெறவில்லை.

கீழைத் திருச்சபைகளிலோ திருமுழுக்கின்போதே குழந்தைக்கு இத்தைலம் பூசப்பெறுகிறது. ஆகவே, இஃது இளைஞன் தரும் வாக்குறுதி என்பதினும் இறைவன் தரும் கொடை என்பதே முதன்மையாகிறது. தமிழ்ச் சொல்லும் இதனையே உணர்த்துகிறது. உறுதி எடுத்தல் அன்று, உறுதி பூசுதல். பூசப்பெறுவது வெளியிலிருந்து வருவது. ஆயினும் கல்லின்மேல் பூசிய எண்ணெய் வழிந்தோடும். உடலின்மேல் பூசியதே ஊறும். கொடை இறைவனுடையது, அதை ஏற்கும் உள்ளம் இளைஞனுடையது.

இங்கேதான் அறச்சிக்கல் தோன்றுகிறது. உடன் பயின்றோர் அனைவரும் பெறுகின்றனர். உறவினர்க்கு அழைப்புச் சென்றுவிட்டது. மறுத்தால் தாய் வருந்துவாள். இக்காரணங்களால் ஓர் இளைஞன் ‘ஆம்’ என்று சொன்னால் அச்சொல் யாருடையது? திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பகுத்தறியும் வயதினர் தக்க பயிற்சியும் ஆயத்தமும் பெற்று, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வல்லவராய் இருத்தல் வேண்டும் என்கிறது. வாழ்நாளில் ஒருமுறையே பெறத்தக்க இம்முத்திரையை, தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடும் மாணவன்போல், மறைக்கல்விக்கு விடைகொடுக்கும் விழாவாகக் கருதுவோர் அதன் பொருளை இழக்கின்றனர்.

அங்ஙனமாயின், வயது வந்தபின் அவனே முடிவு செய்யட்டும் என்று பெற்றோர் வாளாவிருத்தல் தகுமா? அதுவும் தகாது. பிள்ளை வளர்ந்து மொழியைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று எந்தத் தாயும் பேசாதிருப்பதில்லை. தமிழாசிரியர் இதனை நன்கறிவர். வீட்டில் கேட்ட தமிழ் பெற்றோரின் கொடை. தேர்வுகள் எல்லாம் முடிந்தபின், எவரும் ஏவாமல் ஒருவன் தமிழ் நூலைக் கையில் எடுக்கும் நாளில்தான் அஃது அவனுடையதாகிறது. கொடுத்தல் வற்புறுத்தல் ஆகாது. மறுமொழிக்கு இடமளியாமையே வற்புறுத்தல்.

ஐயம் உடையவன் இதைப் பெறலாகாதோ எனச் சிலர் வினவுவர். ஐயம் வேறு, பொய்ம்மை வேறு. ஐயுற்றவன் வலிமை வேண்டி நிற்கிறான், அவனுக்காகவே இக்கொடை. நம்பாததை நம்புவதாக நாவால் மட்டும் உரைப்பவனோ தனக்கே தீங்கிழைக்கிறான். அத்தகையவன் ‘இன்னும் காலம் வேண்டும்’ என்று நேர்மையாகச் சொல்வானாயின், அச்சொல் வாய்மையின்பாற்பட்டது; பெற்றோரின் சினத்துக்குரியதன்று.

திருவிதாங்கூர் அரசின் அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, 1745ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் உயிர் துறந்தார். 2022இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். அவர் நம்பிக்கை மரபுவழி வந்ததன்று. வளர்ந்தபின் தாமே தேர்ந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை உயிர். இன்றைய சிங்கப்பூர் இளைஞனிடம் எவரும் அவ்விலையைக் கேட்பதில்லை. தேர்வுக் கூடத்தில் நேர்மை, தேசிய சேவை முகாமில் நலிந்த தோழனுக்குத் துணை, அலுவலகத்தில் கைத்தூய்மை ஆகியவையே அவன் தரவேண்டிய விலை. தொகை சிறிது, ஆயின் நாள்தோறும் செலுத்த வேண்டியது.

ஆதலின் ஆயர் வினவுமுன் வீட்டில் ஒருமுறை பெற்றோர் வினவுதல் நன்று. விடை எதுவாயினும் பொறுமையுடன் கேட்டல் அதனினும் நன்று. ‘இல்லை’ என்று சொல்ல இடமுள்ள இல்லத்தில்தான் ‘ஆம்’ என்னும் சொல்லுக்கு உயிர் உண்டு.