படித்தவன் கணக்கு

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை. போர்த்துக்கீச வழிவந்த கத்தோலிக்கர் வாழும் ஊர். அந்தோனியார் திருத்தல முற்றத்தில் குருவும் சீடனும் பேசியது.

சீடன்: ஐயா, ‘கோல் ஒஃப் கதுலூ’ என்று 1981இல் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய திகில் விளையாட்டை ஆடுகிறோம். அதில் ‘நெக்ரோனொமிக்கன்’ என்றொரு மாந்திரீக நூல். வாசித்தால் மந்திரமும் மறை அறிவுப் புள்ளியும் கிடைக்கும்; புத்தித்தெளிவுப் புள்ளி குறையும். மந்திரத்தை ஏவினாலும் குறையும்.

குரு: குறைந்ததை மீட்க முடியாதா?

சீடன்: ஓரளவுக்குத்தான். அந்த அறிவு எத்தனை புள்ளியோ, அதை 99இலிருந்து கழிக்க வேண்டும். 30 அறிந்தவனின் தெளிவு 69ஐத் தாண்டாது.

குரு: அப்படியொரு நூல் உண்டா?

சீடன்: இல்லை. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் கற்பனை. 1924இல் வெளிவந்த கதையொன்றில் பெயர் வந்தது. 1977இல் வேறு யாரோ அதே பெயரில் புத்தகமே அச்சிட்டு விற்றார்கள்.

குரு: இல்லாத நூலுக்கா பயம்?

சீடன்: வாசித்த பிறகு பழைய ஆளாக இருக்க மாட்டேனே, அதற்கு.

குரு: அந்தோனியார் கையிலும் புத்தகம்தான். அவருடைய சங்கீதப் புத்தகத்தை நவசந்நியாசி ஒருவன் களவெடுத்து ஓடினானாம். அவர் செபிக்க, பயங்கர உருவமொன்று வழிமறித்ததாம், கொண்டுவந்து கொடுத்துவிட்டான். சங்கீதத்தில் பேயில்லை. கேடு எடுத்தவனிடம்.

சீடன்: மந்திரவாதிகளும் அதைத்தான் சொல்கிறார்கள். உபதேசம் பெறாதவன் ஏட்டைத் தொட்டால் திருப்பி அடிக்குமாம். விளையாட்டில் அந்தச் சலுகை இல்லை, ஐயா. கள்ளனானாலும் ஊரைக் காக்க வாசித்த பேராசிரியரானாலும் ஒரே கழித்தல்.

குரு: நல்ல விதி. உபதேசம் பெற்றவனுக்குச் சேதமில்லை என்பது, ஏட்டை வைத்திருப்பவனுக்கு வசதியான பேச்சு.

சீடன்: அப்படியானால் வாசிக்காமலே விடவா?

குரு: விளையாட்டில் வந்த பூதத்தைத் திருப்பி அனுப்பும் மந்திரம் எங்கே இருக்கிறது?

சீடன்: பெரும்பாலும் அதே மாதிரி நூல்களில்தான்.

குரு: பிறகென்ன, வாசி. குறைந்ததை எல்லோரும் பார்க்கத் தாளில் எழுதுகிறீர்களே, அந்தப் பழக்கத்தை விடாதே. வெளியே படித்தவர்கள் கற்றதை மட்டும் சொல்வார்கள், கழிந்ததைச் சொல்வதில்லை.

சீடன்: நீங்கள்?

குரு: கேட்டுவிட்டாய். உட்கார், சொல்கிறேன்.