அழகான தோட்டம்: விலை கொடுத்தவர் யார்?



விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு ஓர் அழகான இடத்தைக் காட்டிவர விரும்பாத பெற்றோர் உண்டா? இங்கிலாந்தில் குடியேறியுள்ள நம்மவர் குடும்பமொன்று அவ்வாறு புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். லீட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஹேர்வூட் மாளிகைக்கு அவர்கள் செல்கிறார்கள்.

1759இல் அத்திவாரமிடப்பட்ட மாளிகை அது. அதைச் சூழ்ந்த பெருந்தோட்டத்தை வடிவமைத்தவர் 'கேப்பபிலிற்றி' பிரவுண் எனப் புகழ்பெற்ற கலைஞர். ஓடையை மறித்து ஏரி அமைத்தார். மேடு பள்ளங்களைத் திருத்தினார். மரங்களைத் தோப்புத் தோப்பாக நட்டார். காண்பவர்களோ இவையெல்லாம் இயற்கையாகவே அமைந்தவை என்று எண்ணுவர். 1950 முதல் பொதுமக்களும் உள்ளே சென்று பார்க்கிறார்கள்.

புல்வெளியில் பாய் விரித்து, கட்டிவந்த சோற்றை உண்ணும் வேளையில் பிள்ளை கேட்கிறது: "அப்பா, இதையெல்லாம் கட்ட இவர்களுக்கு எங்கிருந்து இவ்வளவு காசு வந்தது?"

தந்தை என்ன சொல்வார்?

உண்மையான விடை, சீனி என்பதே. மாளிகையைக் கட்டிய எட்வின் லாசெல்ஸின் தந்தை ஹென்றி, பார்படோஸ் தீவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். அடிமை வாணிபத்தாலும், கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தும் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அந்தக் கரும்பை வெட்டியவர்களோ ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! 1,277 பேருக்காக ஹேர்வூட் பிரபு 26,000 பவுணுக்கு மேல் பெற்றார். அந்த 1,277 பேருக்கும் ஒரு சதமேனும் கிடைக்கவில்லை.

"அது பழங்கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். அந்த நட்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடன் முற்றாகத் தீர்ந்தது 2015இலேதான். அதுவரை அந்நாட்டில் வரி செலுத்திய நம் தமிழ்த் தந்தையின் உழைப்பிலும் ஒரு துளி அதற்குப் போயிருக்கிறது. பழங்கதைகள் நாம் நினைப்பதைவிட நமக்குக் கிட்டவே இருக்கின்றன.

அப்படியானால் அத்தோட்டத்தில் மகிழ்ந்திருப்பது பாவமா? இல்லை. மரம் குற்றம் செய்யவில்லை. நிழலில் விளையாடும் பிள்ளையும் குற்றம் செய்யவில்லை. முன்னோர் செய்த குற்றம் சந்ததிக்கு முதுசமாக வருவதில்லை. ஆனால் குற்றத்தால் விளைந்த பயன் முதுசமாக வருகிறது. பயனைக் கையில் வாங்குபவர் அதன் வரலாற்றையும் ஏற்கத்தான் வேண்டும். இன்றைய ஹேர்வூட் பிரபு டேவிட் லாசெல்ஸ் இதனை மறைக்கவில்லை. தம் குடும்பச் செல்வம் வந்த வழியை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். மறுப்பதைவிட இது கடினமானது, ஆனால் நேர்மையானது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அடிமை முறை ஒழிந்து மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி விளைச்சல் குறைந்த காலத்திலேதான் நமது மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அங்கே உழைக்கத் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. லயன் அறைகள் மாறவில்லை. அவர்களுடைய சந்ததியிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. நுவரெலியாவுக்கு உல்லாசமாகப் போகும் நாம், பச்சைப் பசேலென்ற மலைச்சரிவைப் படம் பிடிக்கிறோம். அங்கே கூடை சுமந்து நிற்கும் பெண்ணையும் அழகுக்காகச் சேர்த்துப் பிடிக்கிறோம். அவளுடைய நாட்சம்பளம் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

பெற்றோரே, அடுத்த விடுமுறைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஓடட்டும், விளையாடட்டும். ஆனால் "இதற்கு விலை கொடுத்தவர் யார்?" என்று அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உண்மையை அறிந்த பிள்ளை அழகை வெறுத்துவிடாது. அந்த அழகுக்காகத் தேய்ந்த கைகளை மதிக்கக் கற்றுக்கொள்ளும்.