மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது



பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரை சாலையோரம் பாருங்கள். கண்ணாடியில் விலை எழுதிய பழைய கார்கள் நிற்கின்றன. மாதங்கள் போகின்றன. டயரில் காற்று இறங்குகிறது, பேட்டரி செத்துப் போகிறது, வாங்குவார் இல்லை. ஏன்?

விலை ஒரு காரணம்தான். வங்கியில் பாக்கி எவ்வளவோ அதை வைத்து நாம் விலை சொல்கிறோம். வாங்குகிறவரோ காரின் மதிப்பைப் பார்க்கிறார். 2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரை புதிய கார்களுக்கு அரசாங்கம் விற்பனை வரியில் சலுகை கொடுத்தது. புதியது மலிந்தால் பழையதும் இறங்கத்தானே வேண்டும்? இறங்க மனமில்லாதவர் கார் வாசலிலேயே நிற்கும்.

ஆனால், விலையைக் குறைத்தும் போகாத கார் உண்டு. அங்கே குறைவு பணத்தில் அல்ல, நம்பிக்கையில்.

ஜார்ஜ் அகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் வியாபாரத்தையே உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே அவர் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் கொடுக்கமாட்டார். நல்லது ஒதுங்கும், கெட்டது சந்தையில் மிஞ்சும், சந்தேகம் இன்னும் வளரும். 2001இல் வேறு இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நோய்க்கு மருந்து நமக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் அவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீது இது. கவனியுங்கள்: மழை பெய்தது அவர் குற்றமல்ல. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம்.

இதை நான் ஓதித் தெரிந்துகொண்டது மதரஸாவில். புரிந்துகொண்டது பல வருஷங்கள் கழித்து.

2021 டிசம்பரில் கிள்ளானும் ஷா ஆலமும் வெள்ளத்தில் மூழ்கின. என் கடை வேனும் நீரில் நின்றது. கழுவிக் காயவைத்து, இருக்கைக்குப் புதுத் துணி போட்டு, மறு வருஷம் விற்க நிறுத்தினேன். என்னிடம் அரிசி பருப்பு வாங்கும் தம்பி ஒருவர் வந்தார்.

"ஏதாவது குறை உண்டா, நானா?"

"நன்றாக ஓடும், தம்பி."

பொய்யல்ல, ஓடத்தான் செய்தது. அவர் குனிந்து இருக்கைக்கு அடியில் விரலை விட்டார். விரலில் காய்ந்த சேறு! ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வேன் மட்டுமா? அன்று முதல் அரிசியையும் வேறு கடையில் வாங்குகிறார்.

மூன்று மாதம் வேன் அப்படியே நின்றது. பிறகு, "வெள்ளத்தில் நின்ற வண்டி" என்று எழுதி ஒட்டினேன். ஒரு மெக்கானிக் தெரிந்தே வாங்கினார். நான் எதிர்பார்த்ததைவிட 4,000 வெள்ளி குறைவு. அந்த நஷ்டம் ஆறிவிட்டது. அந்தத் தம்பியின் விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சகோதரர்களே! பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் சோதனையில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பார்ப்பார்கள். நம் நெஞ்சைப் பார்ப்பவன் வேறொருவன். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைச் சொன்னால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நாயகத்தின் போதனையே.

ஆகவே ஓடிய தூரம் காட்டும் மீட்டரைத் திருப்பாதீர்கள். மோதிய வண்டியை மோதியது என்றும், மூழ்கியதை மூழ்கியது என்றும் சொல்லி விலை பேசுங்கள். கார் வியாபாரிக்கு மட்டும் சொல்லவில்லை. நம் ஒவ்வொருவர் கடையிலும் அடியில் கிடக்கும் மூட்டை ஒன்று உண்டு. இன்று இரவு கடை அடைக்குமுன் அதை மேலே எடுத்து வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் ரிஜ்கை ஹலாலாக்கி, பரக்கத் செய்வானாக! ஆமீன்.