வெள்ளையடித்த சுவர்

சென்ற ஐப்பசி மழையில், கோவையின் வடபுறத்தே நம் பங்குக் குடும்பமொன்றின் புது வீட்டில் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து, தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. (அவர்கள் இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.) அவ்வீட்டை மந்திரித்து மூன்றாண்டுகூட ஆகவில்லை; மந்திரித்தது நாமே. கட்டி விற்றவரும் நம் பங்கினர். ஆலயக் கெபிக்குக் கல் பதித்துத் தந்தவர். மும்முறை முறையிட்ட பின் ஒரு கொத்தனாரை அனுப்பினார். கொத்தனார் விரிசலில் பட்டி தடவி, வண்ணம் பூசிச் சென்றார். கார்த்திகை மழையில் ஈரம் மீண்டும் படர்ந்தது.

"போச்சாதுங்க சாமி," என்றார் குடும்பத் தலைவர். "மன்னிச்சு விடச் சொன்னீங்க, விட்டுட்டோமுங்க. பூசி மெழுகி வித்துப்போட்டு வேற பக்கம் போயிரலாம்னு இருக்கிறோமுங்க."

ஆம், பொறுத்துப்போகச் சொன்னது நாமே. அந்த அறிவுரையில் நற்செய்தி எவ்வளவு, கெபிக் கல் எவ்வளவு என்று அன்றிரவு நம்மையே கேட்டுக்கொண்டோம்.

வழக்காடுவதினும் அநீதியைப் பொறுப்பது மேல் என்னும் கருத்தில் கொரிந்து சபையாரைப் புனித பவுல் கடிந்துகொண்டது உண்மையே. ஆயினும், சகோதரர் வழக்கைத் தீர்க்கவல்ல ஒருவரும் சபையில் இல்லாமற்போனது பற்றியும் அவர் அவ்விடத்திலேயே அவர்களை நாணச் செய்கிறார். அந்த ஒருவராய் இருந்திருக்க வேண்டிய நாம், மௌனத்தைப் பொறுமையென்று பெயரிட்டு விற்றுவிட்டோம்.

மேலும், மன்னிக்கும் உரிமை யாருடையது? நமக்கிழைத்த தீங்கை நாம் மன்னிக்கலாம். இழந்த பணத்தையும் விட்டுக்கொடுக்கலாம். தளர்ந்த கூரையை எங்ஙனம் மன்னிப்பது? அது தொட்டிலில் கிடக்கும் குழந்தைமீதோ, நாளை அவ்வீட்டை வாங்கப்போகும் அயலார்மீதோ விழும். அவர்கள் சார்பில் மன்னிக்க நமக்கு அதிகாரமில்லை. புது வீட்டின் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும், இன்றேல் விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என இணைச் சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விதிப்பதும் இதனாலேயே.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விற்பனைக் குற்றங்களை ஆராய்கையில், இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென விற்பதை எடுத்துக்காட்டாகவே சொல்கிறார். மறைந்திருக்கும் குறை ஆபத்து விளைவிக்குமாயின், விற்பவர் அதனை வெளியிடக் கடமைப்பட்டவர். அறியாது விற்றிருந்தால் பாவமில்லை. ஆனால் அறிந்தபின் ஈடுசெய்தே தீரவேண்டும். இவ்விதி கட்டியவரை மட்டுமா பிடிக்கிறது? பூசி மெழுகி விற்க எண்ணிய நம் குடும்பத் தலைவரையும் பிடிக்கிறது. ஏமாந்தவர் ஏமாற்றுபவராக மாறுவது இவ்வளவு எளிது! உறுதியற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோரை எசேக்கியேல் சாடியபோது, போலி இறைவாக்கினரையே குறித்தார். பட்டி தடவியது கொத்தனார் மட்டுமன்று என்பது அப்போது நமக்குத் தைத்தது.

நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாயிருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என 1993இல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் மன்றத்தின் கதவு அதனால் திறந்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவோ, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைக்குறையோ தெரிவிக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சீர்செய்யப் பணிக்கிறது, தவறினால் இழப்பீடு. அரசு கட்டினாலும் வாய் திறந்தாக வேண்டியிருக்கிறது. 2021இல் சென்னைப் புளியந்தோப்பு கே.பி.பூங்கா குடியிருப்பில் கைபட்டாலே பூச்சு உதிர்வதை அங்கு குடியேறிய ஏழை மக்கள் உரக்கச் சொன்ன பின்னரே ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தனர்.

"எழுத்தில் கேளுங்கள், நாள் குறித்த படங்களையும் இணையுங்கள், நாமும் உடன் வருகிறோம்," என்றோம். கட்டியவரின் முகம் சுருங்கியது. "சாமி, நீங்களுமா?" என்றார்.

இருபதாம் நாள் ஆட்கள் வந்தனர். பூச்சைக் கொத்தியெடுத்தபோது, போதிய காங்கிரீட் மூடாத கம்பிகள் துருவேறியிருந்தன. துருவைத் தேய்த்து நீக்கி, மேல்தளக் கசிவை அடைத்து, புதிதாய்ப் பூசி, பத்து நாள் நனைத்தார்கள். ஒரு மாலை நாம் சென்றபோது கட்டியவரே நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நம்மோடு அவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. இரண்டாம் பூசைக்கு மட்டும் தவறாமல் வருகிறார்.