தண்ணீர்ப் பந்தலுக்கு யார் பெயர்?



நம் ஞாயிறு வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணா, யூனியில ரோட்டராக்ட்ல சேரச் சொல்றாங்க, சேரலாமா?" பள்ளி மாணவர் என்றால் லியோ, வேலைக்குப் போகிறவர் என்றால் லயன்ஸ் அல்லது ரோட்டரி. கேட்கிறவர் குரலில் ஒரு தயக்கம் இருக்கும். ஏதோ நம் வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குச் சாப்பிடப் போக அனுமதி கேட்பது போல.

பெரியவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "கோயில்ல தொண்டு செய்ய ஆள் இல்லாம கெடக்கு, உனக்கு கிளப் கேக்குதா?" என்பது ஒன்று. "சேருப்பா, ரெசுமேக்கு நல்லது, நாலு பெரிய மனுஷன் பழக்கம் ஆவாங்க" என்பது மற்றொன்று. முதல் பதிலில் கோபம் இருந்தாலும் அன்பு இருக்கிறது. எனக்குப் பயமாக இருப்பது இரண்டாவது பதில்தான்.

நம் பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகள் இருக்கிறார். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதோடு சரி. ஆனாலும் மடம் கட்டினால் நாவுக்கரசர் பெயர், பிள்ளைகளுக்கும் அதே பெயர். வீட்டுப் பசு, எருமை, அளக்கிற படி, தராசு எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். வழியில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே. அந்த வழியாக வந்த நாவுக்கரசரே, "இவ்வளவு செய்தவர் தம் பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைப்பானேன்?" என்று கேட்கிறார். வந்தவர் யாரென்று தெரியாத அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பெருமை தெரியாமல் பேசுகிறீரே என்று கடிந்துகொள்கிறார்.

இந்தக் கதையை நாம் குருபக்திக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நாயனாருக்குப் போய்விடுவோம். நான் பந்தலிலேயே கொஞ்சம் நின்று பார்க்கிறேன். அது கோயில் பிரகாரத்துக்குள் இல்லை, சாலையில் இருந்தது. வெயிலில் நடந்து வருகிறவனுக்கு வைத்தது. வருகிறவன் சைவனா, எந்த ஊர், எந்தச் சாதி என்று தண்ணீர்ப் பந்தல் கேட்காது, தாகம் இருக்கிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு. ஆக, கோயிலுக்கு வெளியே, யாரென்று தெரியாத மனிதருக்குச் செய்வது நமக்கு யாரோ புதிதாகக் கற்றுக்கொடுத்த வேலை அல்ல. சுவாமி சிவானந்தர் ரிஷிகேசத்துக்குப் போகுமுன் இதே மலாயாவில், சிரம்பான் பக்கம், தோட்டத்து மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். அவரது சாதனை அங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இந்த கிளப்புகள் எப்படி வந்தன? 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு ரோட்டரியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது தொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பழகவும் உதவிக்கொள்ளவும் வைத்த கூட்டம்தான். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயரே. இரண்டு வருடம் கழித்து அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? நகரத்தில் ஒரு பொதுக் கழிப்பறை! உழவாரப் படை தூக்கிய அப்பர் வழியில் வந்த நமக்கு இது ரொம்பப் பிடிக்க வேண்டும். அதே ரோட்டரிதான் 1985-இல் போலியோவை ஒழிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு இன்றுவரை விடாமல் இருக்கிறது. இது எங்கோ நடக்கிற கதை என்று நினைக்காதீர்கள். 2019 டிசம்பரில், 27 வருடத்துக்குப் பிறகு, நம் சபாவில் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ வந்தது.

லயன்ஸ் 1917-இல் தொடங்கியது. 1925-இல் ஹெலன் கெல்லர் அவர்களின் மாநாட்டில் வந்து, பார்வையற்றோருக்குத் துணையாக நில்லுங்கள் என்று கேட்டார். அன்று ஏற்றுக்கொண்டது இன்றும் அவர்கள் முக்கியப் பணி.

பிரிக்பீல்ட்ஸில் நடக்கிறவர்களுக்கு இது வெறும் வரலாறு இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கைத்தடியோடு போகிறவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். நீளக் கோடு இருந்தால் நட, புள்ளி இருந்தால் நில் என்று பாதத்துக்குச் சொல்கிற மொழி அது. வெள்ளிக்கிழமை மாலை, திருவிழா நாள்களில் அந்த ஓடுகளின் மேல் எத்தனை மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாமி கும்பிட வந்த நம்முடைய வண்டிகளும் அதில் உண்டு. உள்ளே அர்ச்சனை, வெளியே ஒருவருக்குப் பாதை இல்லை. கிளப்பில் சேருவதா வேண்டாமா என்ற விவாதம் அந்த மனிதருக்கு ஒரு பொருட்டா என்ன? வழி விட்டால் போதும்.

இனி ரெசுமே விஷயம். கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறான். திருப்பிச் செய்ய முடியாதவருக்கு, கொடுப்பது கடமை என்று, தகுந்த இடத்திலும் காலத்திலும் கொடுப்பது சாத்விகம். பலனை எதிர்பார்த்தோ மனம் நொந்தோ கொடுப்பது ராஜசம். தகாத இடத்தில், மரியாதை இல்லாமல் வீசி எறிவது தாமசம். இந்த அளவுகோலைக் கிளப்புக்கு மட்டும் பிடித்தால் நியாயம் இல்லை. ஒரு மூட்டை அரிசிக்குப் பத்துப் பேர் கை வைத்துப் போட்டோ எடுப்பது அவர்கள் கூட்டத்திலும் உண்டு, நம் அன்னதானத்திலும் உண்டு. பேனர் துணியில் உபயகாரர் பெயர் சாமி பெயரைவிடப் பெரிதாக இருப்பதை நாம் பார்க்காததா?

அப்புறம் ஏன் சேரச் சொல்கிறேன்? 2021 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு மாடியிலும் கூரையிலும் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்போது உதவ எல்லோருக்கும் மனசு இருந்தது. ஆனால் மனசு மட்டும் படகு ஆகாது. லாரி யாரிடம் இருக்கிறது, ஆயிரம் பொட்டலம் எங்கே சமைப்பது, எந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை, காசுக்கு யார் கணக்கு, இதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். அது ஒரு பயிற்சி. திட்டம் எழுதுவது, மற்ற இனத்தவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்வது, கூட்டக் குறிப்பு வைப்பது, இதையெல்லாம் அந்தக் கிளப்புகளில் நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். மனசுல பட்டதைச் சொல்றேன், நம் இளைஞர் அமைப்புகளில் பக்திக்குக் குறைவில்லை, கூட்டக் குறிப்புக்குத்தான் பஞ்சம்.

விருந்தில் கறி இருக்கும், சிலர் குடிப்பார்கள். "நான் சைவம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. திருநீறு பூசிக்கொண்டே போங்கள், யாரும் அழிக்கச் சொல்ல மாட்டார்கள். நிஜமான சிக்கல் நேரம்தான். வகுப்புக்கும் கிளப்புக்கும் ஒரே ஞாயிறு என்றால் மாதத்தில் எதற்கு எத்தனை நாள் என்று முதலிலேயே இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள். பரீட்சை மாதத்தில் இரண்டுக்கும் விடுப்பு.

சந்தா கட்டுமுன் ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். போன வருடம் எந்த முதியோர் இல்லத்துக்குப் போனீர்கள் என்று கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "அதே இல்லத்துக்குத் திரும்ப எப்போது போனீர்கள்?" பதில் சொல்ல அவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். வரும் ஞாயிறு அதே கேள்வியை நம் கமிட்டியிடமும் கேட்கலாம்.